குயவர் சக்கரம் நிற்குமா? சுழலுமா?

பானை போய் பூ ஜாடி வந்தது! குயவர் வீட்டுக்கு விடிவு வருமா?

ஒரு உருண்டை களிமண். ஒரு சக்கரம். இரண்டு கைகள்.

குயவரின் முதல் இவ்வளவுதான்!

சக்கரம் சுழல்கிறது. நடுவில் மண் உருண்டை இருக்கிறது. குயவரின் கட்டை விரல் அதற்குள் இறங்குகிறது. மண் வாய் திறக்கிறது. உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. மண் மேலே எழும்புகிறது. வயிறு பெருக்கிறது. கழுத்து சிறுக்கிறது. விளிம்பு மடிகிறது. சில நிமிடங்களில் அழகான ஜாடி ஒன்று தயார்!

சுற்றி நிற்பவர்கள் "ஆகா!" என்கிறார்கள்.

ஆனால், "உங்கள் மகனும் இந்தத் தொழிலுக்கு வருவானா?" என்று குயவரிடம் கேட்டால் பல வீடுகளில் ஒரே பதில்தான் வருகிறது: "வேண்டாம், அவன் படித்து வேறு வேலைக்குப் போகட்டும்."

பார்ப்பவர்களுக்கு இனிக்கும் தொழில் செய்பவருக்கு ஏன் கசக்கிறது? பூ ஜாடி, அலங்கார விளக்கு, வண்ணக் கூஜா என்று புதுச் சரக்குகள் பட்டணங்களில் விலை போகின்றன. அந்தப் பணம் சக்கரத்தைச் சுற்றுகிறவருக்குப் போய்ச் சேருகிறதா?

வைகைக் கரையின் மண்

மண்பாண்டம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

சிவகங்கை ஜில்லாவில், வைகைக் கரையில் இருக்கிறது கீழடி. அங்கே பூமியைத் தோண்டியபோது பானை ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அங்கு கிடைத்த பொருள்கள் சுமார் 2,600 வருடங்களுக்கு முந்தியவை என்று தமிழக தொல்பொருள் இலாகா 2019-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

அந்த ஓடுகளில் ஒரு வகை, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு! இரண்டு நிறமும் சாயம் பூசி வந்தவை அல்ல. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். காற்றுப் படாத உட்புறம் கறுக்கும். நெருப்பையும் காற்றையும் கொண்டே வண்ணம் தீட்டத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்.

அதே சிவகங்கை ஜில்லாவில், அதே வைகைக் கரையில் இருக்கிறது மானாமதுரை. அங்கே இன்றும் சக்கரம் சுழல்கிறது. பானை, சட்டி, அகல் விளக்கு, பூந்தொட்டி என்று பல சரக்குகள் அங்கே உருவாகின்றன. கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கடம் அந்த ஊருக்குத் தனிப் பெருமை.

கடம் பார்ப்பதற்குப் பானை. ஆனால் அது தண்ணீருக்கு அல்ல, நாதத்துக்கு! சக்கரத்தில் வனைந்த பிறகு, ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டி அதன் சுவரை ஒரே கனமாக ஆக்க வேண்டும். ஒரு இடத்தில் கனம் மாறினாலும் சுருதி மாறும். இந்தக் கலைக்காக மானாமதுரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மாள் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார். பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் கிடைக்கும் விருது, மண்ணைத் தட்டுகிற கைக்குக் கிடைத்தது!

2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை "மானாமதுரைச் சரக்கு" என்று சொல்லி விற்கக்கூடாது என்பதே இதன் பொருள்.

அடுப்படியில் இருந்து வெளியேறியது

ஒரு காலத்தில் பானை இல்லாத வீடு கிடையாது. சோறு மண்பானையில், குழம்பு மண் சட்டியில், தண்ணீர் மண் குடத்தில். பொங்கலுக்குப் புதுப்பானை. கல்யாணத்துக்கு அரசாணிப்பானை. சாவு வீட்டிலும் நீர்க்குடம். பிறப்பு முதல் இறப்பு வரை குயவர் கை இல்லாமல் காரியம் நடந்தது இல்லை.

பிறகு அலுமினியம் வந்தது. அது கீழே விழுந்தாலும் உடையவில்லை. அதன் பின்னால் எவர்சில்வர் வந்து பளபளத்தது. பிளாஸ்டிக் குடம் கனம் இல்லாமல் இருந்தது. பிரிட்ஜ் வந்ததும் தண்ணீர்ப் பானையும் ஓரம் கட்டப்பட்டது.

இதில் ஜனங்கள் மீது தவறு சொல்ல முடியாது. தலையில் மூன்று மைல் தண்ணீர் சுமந்த பெண்ணுக்குப் பிளாஸ்டிக் குடம் பெரிய உதவிதான். உடையாத பாத்திரம் ஏழை வீட்டுக்குச் சிக்கனம்தான்.

ஆனால் குயவருக்கு வருடம் முழுவதும் இருந்த வேலை, வருடத்தில் சில மாத வேலை ஆகிவிட்டது. பொங்கலுக்குப் பானை, கோடையில் தண்ணீர்ப் பானை, கார்த்திகைக்கு அகல் விளக்கு. மற்ற நாட்களில்?

அந்தக் காலி நாட்களை நிரப்ப வந்ததுதான் அலங்காரச் சரக்கு.

ஓட்டல் வாசலில் பெரிய ஜாடி. வரவேற்பு அறையில் பூச்சாடி. மேஜை மேல் சிறு கூஜா. தோட்டத்தில் வேலைப்பாடு செய்த தொட்டி. சமையலுக்கு வாங்கும் சட்டியில் பேரம் பேசுபவர்கள், அழகுக்கு வாங்கும் ஜாடிக்குக் கூடுதல் விலை தருகிறார்கள். அப்படியானால் குயவர் வாழ்வு மலர்ந்திருக்க வேண்டுமே? ஏன் மலரவில்லை?

மூன்று முடிச்சுகள் இருக்கின்றன.

முதல் முடிச்சு: மண்

எல்லா மண்ணும் பானை ஆகாது. குளத்து வண்டலில் நல்ல களி இருக்க வேண்டும். களி மட்டும் இருந்தால் காயும்போது வெடிக்கும். மணல் அதிகமானால் சக்கரத்தில் எழும்பாது. இரண்டையும் அளவாகக் கலந்து, ஊற வைத்து, கல் பொறுக்கி, காலால் மிதித்துப் பக்குவம் பண்ண வேண்டும்.

அந்த மண் எங்கே கிடைக்கும்? ஏரியிலும் குளத்திலும் கிடைக்கும். அதை எடுக்க உத்தரவு வேண்டும். லாரி லாரியாக மண் கடத்துகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம், ஒரு மாட்டு வண்டி மண் எடுக்கும் குயவரையும் தடுத்தது. உத்தரவுக்காக அலைந்தே அவருக்குப் பல நாள் கூலி போயிற்று.

2024-ல் தமிழக சர்க்கார் இந்த விதியைத் தளர்த்தியது. விவசாயிகளும் குயவர்களும் ஏரி, குளங்களில் வண்டல் மண்ணையும் களிமண்ணையும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அதற்கு தாசில்தாரிடமே அனுமதி பெறலாம் என்று உத்தரவு போட்டது. முன்பு போல ஜில்லா தலைநகருக்கு அலைய வேண்டாம். இது நல்ல காரியம்.

ஆனால், குயவர் எடுத்த பிறகும் குளத்தில் நல்ல மண் மிச்சம் இருக்க வேண்டுமே! குளம் சுருங்கினால் களிமண்ணும் சுருங்கும். குளத்தைக் காப்பாற்றுவதும் சக்கரத்தைக் காப்பாற்றுவதும் ஒரே வேலைதான்.

இரண்டாம் முடிச்சு: மழையும் நெருப்பும்

சக்கரத்தில் இருந்து இறங்கிய ஜாடி, ஜாடி ஆகிவிட்டதா? இல்லை. அது இன்னும் வெறும் மண்தான். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும்.

முதலில் நிழலில் காய வேண்டும். ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் காய்ந்தால் விரிசல் விடும். ஈரம் மிச்சம் இருக்கும்போது சூளையில் வைத்தால், அந்த ஈரம் ஆவியாகி ஜாடியை வெடித்துவிடும்.

சூளையில் சூடு 600 டிகிரியை நெருங்கும்போதுதான் அதிசயம் நடக்கிறது. களிமண்ணின் அணுக்களோடு கலந்திருக்கும் தண்ணீர் வெளியேறுகிறது. அதன் பிறகு அது மறுபடி மண் ஆகாது. மழையிலே நனைந்தாலும் கரையாது. கீழடி ஓடு 2,600 வருடம் கிடந்தும் கரையாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

காய்ந்து, சுட்டு முடிவதற்குள் ஜாடி சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதையும் கணக்குப் போட்டுத்தான் குயவர் வனைகிறார். 100 ஜாடி சூளைக்குள் போனால், 100-ம் முழுதாக வெளியே வராது. உடைந்ததற்கு யாரும் காசு தருவது இல்லை.

இடையில் மழை வந்தால் எல்லாம் நின்றுவிடும். மண் காயாது. விறகு எரியாது. இதற்காகவே தமிழக சர்க்கார் நல வாரியத்தில் பதிந்த மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால உதவியாக வருடத்துக்கு 5,000 ரூபாய் வழங்கி வந்தது. சில மாத மழைக்கு அது ஒரு சிறு குடை! அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளலாம். தொழிலை வளர்க்க முடியாது.

விறகு விலையும் ஏறிவிட்டது. வீடுகள் நெருங்கிவிட்ட ஊர்களில் சூளைப் புகைக்கு எதிர்ப்பும் கிளம்புகிறது. கியாஸ் சூளை, மின்சாரச் சூளை இருக்கின்றன. புகை இல்லை. சூடும் ஒரே சீராக இருக்கும். ஆனால் அவற்றின் விலை தனி ஒரு குயவருக்கு எட்டாது.

மூன்றாம் முடிச்சு: சந்தை

மூன்றில் இறுக்கமான முடிச்சு இதுதான்.

அலங்கார ஜாடி இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, சக்கரத்தில் கையால் வனைவது. இன்னொன்று, அச்சில் களிமண் குழம்பை ஊற்றி எடுப்பது. அச்சில் ஒரே மாதிரி ஆயிரம் ஜாடி எடுக்கலாம். பழகிய கை வேண்டியது இல்லை. ஆகவே விலையும் குறைவு.

கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மேலே பூச்சு பூசி, வண்ணம் தீட்டிவிட்டால் எது கை வேலை, எது அச்சு வேலை என்று வாங்குபவருக்குத் தெரிவது இல்லை. அவர் விலை குறைந்ததை எடுக்கிறார். பத்து வருடம் பழகிய கை, பத்து நாள் பழகிய அச்சிடம் தோற்றுப் போகிறது!

அடுத்தது இடைத்தரகர். சிவப்பு ஜாடியைக் குயவரிடம் குறைந்த விலைக்கு வாங்குகிறார். பட்டணத்தில் வண்ணம் பூசி, கண்ணாடி ஒட்டிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார். அழகுக்குக் கிடைக்கும் கூடுதல் விலை, அழகைக் கடைசியில் பூசியவரோடு நின்றுவிடுகிறது. வடிவம் கொடுத்தவருக்குப் பழைய கூலிதான்.

புவிசார் குறியீடு இதைத் தீர்க்காதா? தீர்க்காது. அது ஊரின் பெயரைக் காக்கும். சரக்கை விற்றுத் தராது. பெயரைக் கேட்டு வாங்க ஆள் வர வேண்டும். வந்தவர் நேராகக் குயவரிடம் வாங்க வழியும் வேண்டும்.

சர்க்கார் திட்டங்கள்

சர்க்கார்கள் சும்மா இருக்கவில்லை.

2004-ல் ரெயில்வே மந்திரியாக இருந்த லாலு பிரசாத் யாதவ், ரெயில் நிலையங்களில் மண் குவளையில் தேநீர் கொடுக்க ஏற்பாடு செய்தார். நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல காகிதக் குவளையும் பிளாஸ்டிக் குவளையும் திரும்பி வந்தன.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2022 ஜூலையில் நாடு முழுவதும் இது போன்ற தடை வந்தது. குயவர்களுக்கு யோகம் அடித்தது என்று பலர் எண்ணினார்கள். ஆனால் பிளாஸ்டிக் விட்ட இடத்தைப் பெரும்பாலும் காகிதம் பிடித்துக்கொண்டது.

2018-ல் மத்திய கதர் கிராமத் தொழில் கமிஷன் குயவர்களுக்கு மின்சாரச் சக்கரம் வழங்கத் தொடங்கியது. இது உண்மையிலேயே பயன் தரும் உதவி. பழைய சக்கரம் மிகவும் கனமானது. கோலால் சுற்றிவிட வேண்டும். குந்தி உட்கார்ந்து குனிந்தே வேலை செய்ய வேண்டும். இடுப்பும் முழங்காலும் போய்விடும். மின்சாரச் சக்கரத்தில் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பழைய வழக்கத்தில் பெண்கள் மண் மிதித்தார்கள், தட்டினார்கள், மெருகு தேய்த்தார்கள். சக்கரத்தில் உட்கார்ந்தது பெரும்பாலும் ஆண்களே. புதுச் சக்கரம் பெண்களுக்கும் இடம் கொடுத்தது.

2023 செப்டம்பர் 17-ந் தேதி மத்திய சர்க்கார் "விஸ்வகர்மா" திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்களில் குயவர் தொழிலும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் இரண்டு தவணையாக 3 லட்சம் ரூபாய் வரை கடன் என்பது திட்டம்.

குடும்பத் தொழில் செய்கிறவர்களுக்கே உதவி என்பது பிள்ளைகளைக் குலத்தொழிலில் கட்டிப்போடும் என்று தமிழக சர்க்கார் அதை ஏற்க மறுத்தது. 2025-ல் "கலைஞர் கைவினைத் திட்டம்" என்ற தனித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம். குலம் கேட்கப்படாது, 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று அதில் விதி வைத்தது.

இது வெறும் அரசியல் சண்டை அல்ல. குயவர் வீட்டுக் கேள்வியும் இதுதான். மகன் சக்கரத்தில் உட்கார வேண்டுமா, பள்ளியில் உட்கார வேண்டுமா? பள்ளிக்குப் போகட்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் படித்து முடித்த பிறகு, விரும்பி இந்தத் தொழிலுக்கு வருகிறவனுக்கும் வருகிறவளுக்கும் மரியாதையான வருமானம் கிடைக்க வேண்டும். கிடைத்தால், குலம் பார்க்காமல் ஆள் வரும். இது வெறும் கனவா? இல்லை, நடந்திருக்கிறது.

புதுச்சேரியில் நடந்தது

1971-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இருவர் புதுச்சேரியில் ஒரு மண்பாண்டக் கூடம் தொடங்கினார்கள். "கோல்டன் பிரிட்ஜ்" என்று பெயர். சக்கரத்தில் கையால் வனைந்த கலங்கள். அவற்றின் மேல் கண்ணாடி போன்ற பூச்சு. 1,200 டிகிரிக்கு மேல் சூடு. அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல் போல ஆகிவிடும். தண்ணீர் கசியாது.

அவர்களிடம் பலர் வேலை கற்றார்கள். கற்றவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் வேறு ஊர்களிலும் சொந்தக் கூடம் வைத்தார்கள். இன்று கைவனைவு ஜாடி என்றால் புதுச்சேரி பெயர் நாடு முழுவதும் தெரிகிறது. அங்கே சக்கரத்தில் உட்காரும் பலர் குயவர் குலத்தில் பிறந்தவர்கள் அல்ல. பட்டம் படித்தவர்கள், பெண்கள், விரும்பி வந்தவர்கள்.

அதே கை வேலை. அதே சக்கரம். ஆனால் அங்கே ஜாடியின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கிறது. வாங்குபவர் கூடத்துக்கே வந்து வாங்குகிறார். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

ஜப்பானிலும் இப்படி ஒரு கதை உண்டு. மாஷிகோ என்பது சமையல் சட்டியும் தண்ணீர் ஜாடியும் செய்து வந்த கிராமம். 1924-ல் ஹமடா ஷோஜி என்ற கலைஞர் அங்கே குடியேறினார். கிராமத்து மண், கிராமத்துப் பூச்சு. அவற்றையே கொண்டு எளிய, அழகிய கலங்களை வனைந்தார். உலகம் மாஷிகோவைத் தேடி வந்தது.

ஜப்பானிய சர்க்கார் 1955-ல் அவரை நாட்டின் உயிருள்ள பொக்கிஷங்களில் ஒருவராக அறிவித்தது. இப்படி அறிவிக்கப்படுகிறவர்களுக்கு வருடத்துக்கு 20 லட்சம் யென் உதவித் தொகை உண்டு. அது சும்மா கொடுக்கும் பணம் அல்ல. தன் கலையை வளர்க்க வேண்டும், அடுத்தவர்களுக்கும் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது.

செய்ய வேண்டியது என்ன?

தனியாக ஒரு குயவருக்கு மின்சாரச் சூளை எட்டாது. 20 குடும்பத்துக்கு ஒரு பொதுச் சூளை எட்டும். மழைக்கு ஒதுங்க ஒரு பொதுக் கொட்டகையும் எட்டும். கூட்டுறவாகச் செய்தால் இடைத்தரகர் இடமும் சுருங்கும்.

வண்ணம் பூசுவதையும் மெருகு ஏற்றுவதையும் குயவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கற்றுக் கொடுத்தால், கூடுதல் விலை ஊரிலேயே தங்கும். ஒவ்வொரு ஜாடியிலும் செய்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் பதிய வேண்டும். பெயர் இருந்தால் தேடி வருவார்கள்.

பிள்ளைகளை வருடத்தில் ஒரு நாளாவது குயவர் கூடத்துக்கு அழைத்துப் போனால், கை வேலையின் அருமை சிறு வயதிலேயே தெரியும். தெரிந்தவர்கள் பெரியவர்கள் ஆனதும் அச்சுச் சரக்கோடு அதைச் சேர்த்துப் பேரம் பேசமாட்டார்கள்.

வாங்குவோர் கவனிக்க

● ஜாடிக்குள் கை விட்டுத் தடவிப் பாருங்கள். சக்கரத்தில் வனைந்ததில், விரல் பதிந்த வளையக் கோடுகள் சுற்றிச் சுற்றிப் போகும். அச்சில் எடுத்ததில் பெரும்பாலும் அது இருக்காது. வெளியே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய ஒட்டுக் கோடு தெரிந்தால் அது அச்சு வேலை.

● இரண்டு ஜாடிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை வேலையில் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இராது. அது குறை அல்ல.

● விரலால் சுண்டிப் பாருங்கள். "டங்" என்று ஒலித்தால் நன்றாக வெந்தது. "டப்" என்று அடங்கினால் விரிசலோ, அரைவேக்காடோ இருக்கலாம்.

● தண்ணீர்ப் பானைக்கு வண்ணம் பூசியதை வாங்காதீர்கள். பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. அதனால்தான் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. வண்ணம் துளையை அடைத்துவிடும். நீர் குளிராது.

● அலங்காரத்துக்குச் செய்த பளபளப்பு ஜாடியில் ஊறுகாய், புளிக்குழம்பு, மோர் வைக்க வேண்டாம். சில பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். புளிப்பு அதைக் கரைத்துவிடும். உணவுக்கு உரியது என்று சொல்லி விற்பதையே உணவுக்கு வாங்குங்கள்.

அடுத்த முறை சாலை ஓரத்தில் குயவர் கடையைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். குளத்தில் எடுத்து, காலில் மிதித்து, கையில் வனைந்து, நெருப்பில் பிழைத்து வந்த ஜாடி அங்கே இருக்கிறது. செய்தவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் சொல்லும் விலையைக் கொடுத்து வாங்குங்கள்.

அந்தப் பணம் முழுதாக அவர் வீட்டுக்குப் போகும். சக்கரமும் நாளைக்குச் சுழலும்.